உள்ளே கசற் இல்லாத பெட்டி

2007 செப்ரெம்பரில் வெளிவந்த 'றைஸ் எபவ்' என்ற இசைத்தட்டின் பின்னால் ஒரு சின்னக் கதை இருக்கிறது. நியூயோர்க்கின் புறூக்ளினில் இயங்கிய டேர்ட்டி புரொஜெக்ரர்ஸ் என்ற இன்டி றொக் குழுவின் தலைவர் டேவிட் லோங்ஸ்ட்ரெத், பெற்றோர் வீடு மாறும்போது சாமான் கட்டப் போயிருந்தார். அங்கே பிளாக் ஃபிளாக் குழுவின் 'டமேஜ்ட்' கசற்றின் பெட்டி அகப்பட்டது. திறந்தால் உள்ளே கசற் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் அவர் ஓயாமல் கேட்ட பாட்டுகள் அவை. கடையில் இன்னொன்று வாங்குவது பெரிய காரியமல்ல. அவர் வாங்கவில்லை. மறுபடி கேட்காமலே, பல வருடங்களுக்குப் பிறகும் நினைவில் மிஞ்சியிருந்ததை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டுகளைப் புதிதாகக் கட்டினார்.

இதை ஒரு விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த மூல இசைத்தட்டு எந்தச் சூழலில் பிறந்தது என்று தெரிந்தவர்களுக்கு அது அவ்வளவு இலேசான விஷயமில்லை.

பிளாக் ஃபிளாக் 1976இல், லொஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கேயுள்ள ஹேர்மோசா பீச் என்ற கடலோர ஊரில் தொடங்கியது. முதலில் வைத்த பெயர் 'பானிக்'. கிற்றார் வாசித்த கிரெக் ஜின்தான் குழுவின் முதுகெலும்பு. சிறுவனாக இருந்தபோது வானொலி உபகரணங்களை அஞ்சலில் விற்க அவர் தொடங்கிய எஸ்எஸ்ரி என்ற சிறு வியாபாரமே பின்னாளில் இசைத்தட்டு நிறுவனமாக மாறியது. குழுவின் நான்கு கறுப்புப் பட்டைச் சின்னத்தை வரைந்தவர் அவருடைய தம்பி றேமண்ட் பெற்றிபொன். பெரிய கம்பனிகள் எட்டிப் பார்க்காத இசையைத் தாங்களே பதிந்து, தாங்களே விற்று, ஒரு வானில் ஏறி ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் அவர்களுடைய கச்சேரி என்றால் பொலிஸும் வரும். பல தடவை தடியடியில் முடிந்தது. 'பொலிஸ் ஸ்ரோரி' என்ற பாட்டு கற்பனையில் எழுதப்பட்டதல்ல.

1981 கோடையில், வோஷிங்ரனில் ஐஸ்கிறீம் கடையில் வேலைபார்த்த இருபது வயது ஹென்றி றொலின்ஸ் நான்காவது பாடகராகச் சேர்ந்தார். அந்த வருடமே 'டமேஜ்ட்' பதிவானது. உடைந்த கண்ணாடியைக் குத்தும் றொலின்ஸின் படம் அட்டையில் இருக்கும். கண்ணாடியை உடைத்தது சுத்தியல். கையில் தெரிந்த இரத்தம் சிவப்பு மையும் கோப்பியும். தட்டை விநியோகிக்கவிருந்தது எம்சிஏ. இது பெற்றோருக்கு எதிரான தட்டு என்று சொல்லி அதன் விநியோகத் தலைவர் பின்வாங்கினார். ஏற்கெனவே அச்சாகியிருந்த 25,000 பிரதிகளில் எம்சிஏ சின்னத்தை மறைத்து, அவர் சொன்ன வார்த்தைகளையே ஸ்ரிக்கராக ஒட்டினார்கள் குழுவினர்.

அதன்பின் யுனிக்கோர்ன் என்ற இடைநிறுவனத்தோடு வழக்கு. குழு தன் சொந்தப் பெயரில் எதையும் வெளியிட நீதிமன்றம் தடை போட்டது. பழைய பதிவுகளைத் தொகுத்து, அட்டையில் குழுவின் பெயரில்லாமல் ஆட்களின் பெயர்களை மட்டும் போட்டு ஒரு தட்டை வெளியிட்டார்கள். அதற்காக ஜின்னும் அவருடைய தோழர் சக் டுகோவ்ஸ்கியும் ஐந்து நாள் சிறையிலிருந்தார்கள். 1983இல் யுனிக்கோர்ன் திவாலான பிறகுதான் பெயர் திரும்பக் கிடைத்தது.

'டமேஜ்ட்' வெளிவந்த 1981 டிசம்பரில்தான் லோங்ஸ்ட்ரெத் பிறந்தார். வளர்ந்தது கொனெக்ரிகட்டில், படித்தது யேல் பல்கலைக்கழகத்தில். தடியடி அவருடைய அனுபவமல்ல. அவருடைய தட்டில் கிற்றார் மேற்கு ஆபிரிக்கச் சாயலில் நெளிந்து ஓடுகிறது; பெண்குரல்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. 'பொலிஸ் ஸ்ரோரி' தணிந்த குரலில் வருகிறது. பழைய தட்டில் முதலாவதாக, இரண்டரை நிமிடத்துக்குள் வெடித்து முடிந்த 'றைஸ் எபவ்' இங்கே கடைசிப் பாட்டு; நீளமும் ஏறக்குறைய இரட்டிப்பு.

இதே பெயரில் இன்னொரு தட்டும் உண்டு. 2002இல் றொலின்ஸ் தானே தன் புதிய குழுவோடு 24 பிளாக் ஃபிளாக் பாட்டுகளைப் பதிந்தார். இகி பொப், லெமி போன்றவர்கள் வந்து பாடினார்கள். ஆர்கன்ஸோ மாநிலத்தில் தவறாகத் தண்டிக்கப்பட்டதாகப் பலர் நம்பிய மூன்று இளைஞர்களின் சட்டச் செலவுக்குத்தான் பணம். அந்த மூவரும் 2011இல் வெளியே வந்தார்கள். றொலின்ஸின் தட்டு பாட்டுகளின் உருவத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு அவற்றை ஒரு புதிய வேலைக்கு அனுப்பியது. லோங்ஸ்ட்ரெத்தின் தட்டு உருவத்தையே கலைத்துவிட்டது. எது விசுவாசம்?

இந்தக் கேள்வி எங்களுக்கும் புதிதல்ல. அதே 2007இல் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம், தாயார் பெயரில் 'கலா' தட்டை வெளியிட்டார். அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, த கிளாஷ் என்ற பிரித்தானிய பங்க் குழு 1982இல் வெளியிட்ட 'ஸ்ரெயிற் ரு ஹெல்' பாட்டின் துண்டு. வந்து சேர்ந்தவர்களையும் கைவிடப்பட்டவர்களையும் பற்றி வெள்ளை இளைஞர்கள் பாடியதை, அமெரிக்க விசாவுக்கு அலைக்கழிந்த ஈழத்துப் பெண் எடுத்துத் தன் பகிடியைப் போட்டுப் பாடினார். அவர் யாரிடமும் நகல் கேட்கவில்லை. தேவையான துண்டை எடுத்தார்.

லோங்ஸ்ட்ரெத்தின் தட்டின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. கோபத்துக்குக் காரணமாயிருந்த பொலிஸும் நீதிமன்றமும் சிறையும் அந்த அழகுக்குள் கேட்பதில்லை. நினைவை மட்டும் நம்பினால் மெட்டு மிஞ்சும். யார் யாரை அடித்தார்கள் என்பது முதலில் உதிர்ந்துபோகும். புலம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாலாட்டு தெரியும், அது பாடப்பட்ட பதுங்குகுழி தெரியாது என்பதைப்போல.

ஆனாலும் அந்தத் தட்டை வேண்டாமென்று சொல்லமாட்டேன். அதைக் கேட்டவர்களில் சிலராவது 'டமேஜ்ட்' என்ன என்று தேடிப் போயிருப்பார்கள். அங்கே பொலிஸும் ஸ்ரிக்கரும் வழக்கும் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். பிள்ளைகள் பாட்டைப் பிழையாகப் பாடும்போது திருத்த அவசரப்பட வேண்டாம். அந்தப் பாட்டு எங்கே, யாருக்குப் பயந்து பாடப்பட்டது என்பதைச் சொல்லிவைத்தால் போதும். மீதியை அவர்கள் தங்கள் குரலில் பாடட்டும்.