பெருங்குடல் புற்றுநோயின் ரத்தக் குறிகாட்டிகள்: சென்னைக்கு யார் வகுத்த வரம்பு?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்த்துவரும் ஒருவரின் கோப்பைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் பரிசோதனை மயிலாப்பூரில், அடுத்தது தி.நகரில், அதற்கடுத்தது அடையாற்றில். எண்கள் 2.1, 3.9, 2.8. எல்லாமே மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குள் இருப்பதால் எந்தத் தாளிலும் தடித்த எழுத்து இல்லை. நடுவில் ஏறியதற்குக் காரணம் நோயா, வேறு நிறுவனத்தின் பரிசோதனைக் கிட்டா? ஒரு கிட்டின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிடலாகாது என்பது ஆய்வகத்தாருக்குத் தெரியும். நோயாளிக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் விழுங்குபவருக்குச் சிலவகைக் கிட்டுகளில் எண் பொய்யாகக் குறைந்தும் வரும்.

மாண்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் 1965இல் அறிவித்த இந்தப் புரதம்தான் இன்றும் இந்நோயின் முதன்மைக் குறிகாட்டி. நோயைப் புதிதாகக் கண்டுபிடிக்க அது ஏற்றதன்று. புகைபிடிப்பவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும்கூட உயரும். சிகிச்சைக்குப் பின் கண்காணிப்பதில்தான் அதற்கு மதிப்பு, அதுவும் ஓர் அளவுக்கே. 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி, 5 என்று வரம்பு வைத்தால் திரும்பும் நோயில் ஏறத்தாழ 71 சதவீதமே பிடிபடும். பிரிட்டனில் 1,202 பேரைப் பின்தொடர்ந்து 2014இல் வந்த ஆய்வில், திரும்பிய நோய்க்குக் குணமாக்கும் நோக்கில் அறுவை பெற்றவர்கள் குறைந்தபட்சக் கண்காணிப்பில் 2.3 சதவீதம், சி.இ.ஏ. பார்த்த பிரிவில் 6.7 சதவீதம். ஆயுள் நீண்டதா என்றால், அந்த ஆய்வு அதைக் காட்டவில்லை.

இன்னும் மலிவான ரத்தக் குறிகாட்டிகளும் உண்டு. வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்த விகிதம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிளாஸ்கோ மதிப்பெண். அழற்சி மிகுந்த உடலில் புற்றுநோயின் போக்கு மோசமாகும் என்ற எண்ணமே இவற்றின் அடிப்படை. வெளிநாட்டு ஆய்வுகள் அந்த விகிதத்துக்கு 3 என்றும் 5 என்றும் பலவாறாக வரம்பு வைக்கின்றன. இந்த வரம்புகள் சென்னைக்குப் பொருந்துமா என்ற என் ஐயம் வலுப்பது இங்கேதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. சர்க்கரை நோயோ தெருவுக்குத் தெரு. விகிதத்தைத் தூக்கிவிடப் பல்லில் கட்டிய சீழே போதும். லிம்போசைட்டைக் குறைக்கக் காசநோய் இருக்கிறது. லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே இறங்கிய அல்புமினைக் கிளாஸ்கோ மதிப்பெண் நோயின் கணக்கில் எழுதுகிறது. இங்கே அதில் ஒரு பங்கு சாப்பாட்டுத் தட்டின் கணக்காகவும் இருக்கலாம்.

இந்த உடற்குறைகள் வெளிநாடுகளிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவை எத்தனை பேரிடம் உள்ளன என்பதைப் பொறுத்து ஒரே வரம்பு ஓரூரில் எச்சரிக்கையாகவும் மற்றோர் ஊரில் வீண் பீதியாகவும் ஆகும்.

விலையுயர்ந்த வழி ஒன்றும் திறந்திருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைப் பார்த்து, இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் யாருக்குக் கீமோ வேண்டும் என்று தீர்மானித்தது 2022இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு. 455 பேர் பங்கேற்றனர். வழக்கமான பிரிவில் 28 சதவீதம் பேருக்குக் கீமோ தரப்பட்டது, டி.என்.ஏ. பிரிவில் 15 சதவீதத்துக்கே; நோய் திரும்புவது கூடவில்லை. அருமையான முடிவு. கைக்காசில் வைத்தியம் பார்க்கும் குடும்பத்துக்கு அது எட்டும்வரை, எடுக்கப்பட்டுவரும் எண்களை ஒழுங்காகப் படிக்கப் பழகலாமே என்பது என் கட்சி.

அதற்கான அடித்தளம் சென்னையில் இருக்கிறது. 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1982 முதல் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிக்கிறது. தகவல் தானாக வந்து சேரும் என்று காத்திராமல் பணியாளர்கள் மருத்துவமனைகளுக்குச் சென்று திரட்டுகிறார்கள். இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். பாதியில் வராமல் போன நோயாளியை உயிரோடிருப்பவராகவே கணக்கிட்டால் பிழைப்பு விகிதம் பொய்யாக உயரும் என்ற சிக்கலுக்கு அந்நிலையத்தைச் சேர்ந்த ஆர். சுவாமிநாதனும் வி. சாந்தாவும் முகம்கொடுத்து எழுதியிருக்கிறார்கள். குறிகாட்டி ஆய்வுக்கும் இதே ஆபத்து உண்டு: சி.இ.ஏ. ஏறியபின் வராமல் போனவரை விட்டுவிட்டால், ஏறியும் நன்றாக இருப்பவர்களே கணக்கில் மிஞ்சுவர்.

சென்னைக்கேற்ற வரம்பை வகுக்க, அறுவைக்கு முந்தைய சி.இ.ஏ., ஹீமோகுளோபின், அல்புமின், வெள்ளையணு வகைப்பிரிப்பு, எந்த ஆய்வகம், எந்தக் கிட்டு ஆகியவற்றை மருத்துவமனைக் கோப்பிலிருந்து பதிவேட்டோடு இணைக்க வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. கீமோ தருவதா வேண்டாமா என்று மருத்துவரே தயங்கும் இரண்டாம் நிலை நோயாளிகளிடமிருந்து முதலில் தொடங்கலாம்.