வெப்பப் பகுதிகளில் இன்சுலின் சேமிப்பு

வெப்பப் பகுதிகளில் இன்சுலின் சேமிப்பு என்பது, வெயில் மிகுந்த இடங்களில் வாழும் நீரிழிவு நோயாளிகள் தாம் பயன்படுத்தும் இன்சுலின் ஊசி மருந்தை, அதன் வீரியம் குறையாமல் வீட்டில் பாதுகாத்து வைக்கும் முறைகளைக் குறிக்கும். இன்சுலின் ஒரு புரதம் ஆகையால் மிகுந்த வெப்பத்தினாலும் உறைதலினாலும் சிதைவடையும். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசு (°செ) வெப்பநிலையிலும், பயன்பாட்டில் உள்ளதை 30°செ-க்கு மிகாத வெப்பநிலையிலும் வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதியாகும்.

தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களுள் ஒன்றான விருதுநகரில் கோடைப் பகலின் வெப்பம் இவ்வரம்பை எளிதில் தாண்டிவிடும். எனினும், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினைப் பயன்படுத்தவே முடியாது என்ற பரவலான எண்ணம் தவறானது. காற்று வறண்டிருக்கும் இடங்களில் ஈரமான மண்பானை ஒன்றே பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பாதுகாக்கப் பெரும்பாலும் போதுமானது.

இன்சுலின் கெடும் விதம்

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம் ஆகும். 1921இல் கனடாவின் தொராண்டோ நகரில் பிரடெரிக் பான்டிங், சார்லசு பெசுட்டு ஆகியோர் இதைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. மருந்துக் குப்பியில் இன்சுலின் மூலக்கூறுகள் பெரும்பாலும் துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறு ஆறாகச் சேர்ந்த நிலையில் உள்ளன. இந்நிலையில் அவை உறுதியாக இருக்கும். வெப்பம் கூடும்போதும், குப்பி வேகமாகக் குலுக்கப்படும்போதும் இச்சேர்க்கை பிரிந்து, தனி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நார் போன்ற இழைகளாக மாறுகின்றன. அவ்வாறு மாறிய இன்சுலின் குருதியில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றலை இழந்துவிடும். இம்மாற்றத்தை மீண்டும் குளிர வைத்துச் சரிசெய்ய இயலாது.

உறைதல் வேறு வகையில் தீங்கு விளைவிக்கிறது. நெடுநேரம் செயல்படுவதற்காக நுண்படிகங்களாக ஆக்கப்பட்ட கலங்கல் இன்சுலின் (என்.பி.எச். வகை, 30/70 கலவை வகை முதலியன) உறைந்து உருகினால், படிகங்கள் கட்டிகளாகத் திரண்டுவிடும். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஊசியில் ஏறும் மருந்தின் அளவு சீராக இராது. எனவே ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பயன்படுத்தத் தக்கதன்று. அறை வெப்பத்தினால் ஏற்படும் இழப்பு படிப்படியானது. உறைதலினால் ஏற்படும் கேடு உடனடியானது.

பொதுவான விதிகள்

* திறக்கப்படாத குப்பி, பேனா, கார்ட்ரிட்ஜ் ஆகியன 2 - 8°செ வெப்பநிலையில், அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்ட காலாவதி நாள் வரை இருக்கலாம்.
* பயன்படுத்தத் தொடங்கிய பின், பெரும்பாலான வகைகளை 30°செ-க்குக் கீழ் 4 வாரங்கள் வரை வைத்திருக்கலாம். சில வகைகளுக்கு இவ்வரம்பு 25°செ ஆகும். டெடிமிர் வகைக்கு 42 நாட்களும், டெக்லூடெக் வகைக்கு 56 நாட்களும் அனுமதிக்கப்படுகின்றன. உறையில் உள்ள குறிப்பே இறுதியானது.
* திறந்த நாளைக் குப்பியின் மீது எழுதி வைத்தல் வேண்டும்.
* நேரடி வெயில் படக்கூடாது.

இந்தியாவில் குப்பிகளில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு செறிவுடையது. 10 மில்லிலிட்டர் குப்பியில் 400 அலகுகள் இருக்கும். நாளொன்றுக்கு 30 அலகு பயன்படுத்துபவருக்கு ஒரு குப்பி 13 நாட்களில் தீர்ந்துவிடும். 10 அலகு மட்டும் பயன்படுத்தும் சிறுவனுக்கோ அது 40 நாட்கள் வரும். 4 வாரக் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே குறைந்த அளவு பயன்படுத்துவோர், குறிப்பாக முதலாம் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் பெற்றோர், திறந்த நாளைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல்

வீடுகளில் பரவலாக உள்ள ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியில் மேற்பகுதியில் உறைபெட்டி (ஃப்ரீசர்) அமைந்திருக்கும். உறைபெட்டியிலும், அதற்கு நேர்கீழே உள்ள தட்டிலும், பின்சுவரை ஒட்டியும் இன்சுலினை வைக்கக்கூடாது. அவ்விடங்களில் வெப்பநிலை 0°செ-க்குக் கீழ் செல்லக்கூடும். நடுத்தட்டின் முன்பகுதி, காய்கறிப் பெட்டி, கதவில் உள்ள தட்டு ஆகியன ஏற்ற இடங்களாகும். கதவை அடிக்கடி திறக்கும் வீட்டில் கதவுத் தட்டில் வெப்பநிலை ஏறி இறங்கும் என்பதால் நடுத்தட்டே நன்று. குப்பியை மூடியுள்ள ஒரு நெகிழிப் பெட்டியில் இட்டு வைப்பது, மற்ற பொருட்களுக்கு அடியில் அது மறைந்து போவதையும் பின்சுவரில் ஒட்டுவதையும் தடுக்கும்.

குளிர்சாதனப் பெட்டி இருப்பதாலேயே மருந்து சரியான வெப்பநிலையில் உள்ளது என்று கொள்ள முடியாது. பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் இன்சுலினுக்கு அருகே உணரிகள் வைக்கப்பட்டன. அவற்றில் 79% உணரிகள் 2 - 8°செ வரம்பு மீறப்பட்டதைப் பதிவு செய்தன. 17% உணரிகளில் 0°செ-க்குக் கீழான வெப்பநிலையும் பதிவானது. மருந்துக்கு அருகே ஒரு சிறிய வெப்பமானியை வைப்பது இக்குறையைக் கண்டறிய எளிய வழியாகும்.

மின்தடையின்போது கதவைத் திறக்காமல் இருந்தால் உட்புறக் குளிர்ச்சி ஏறத்தாழ 4 மணி நேரம் நிலைக்கும். 2012இல் தமிழ்நாட்டில், சென்னைக்கு வெளியே, நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவியபோது குளிர்சாதனப் பெட்டியை மட்டுமே நம்பியிருப்பதன் இடர் தெளிவாகியது. மின்தடைக்கு அஞ்சி மருந்தை உறைபெட்டிக்கு மாற்றுவது அதைக் கெடுத்துவிடும்.

மண்பானை முறை

இயற்பியல் அடிப்படை

நீர் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. 30°செ அளவில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். சுட்ட மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்பரப்பில் ஆவியாகும்போது, இவ்வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உட்புறம் குளிர்கிறது.

இவ்வாறு கிடைக்கக்கூடிய தாழ்ந்த வெப்பநிலை, காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. இதனை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர்; ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு இதுவே. காற்று 38°செ ஆகவும் ஈரப்பதம் 30% ஆகவும் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 24°செ ஆகும். காற்று 30°செ ஆகவும் ஈரப்பதம் 85% ஆகவும் இருந்தால் அது ஏறத்தாழ 28°செ. அதாவது, வறண்ட வெயிலில் 14 பாகை வரை குறைக்க இடமுண்டு. புழுக்கமான நாளில் 2 பாகை மட்டுமே. பானையின் உட்புறம் இவ்வளவை நெருங்குமேயன்றி அதற்குக் கீழே செல்லாது. எனவே இம்முறையில் மருந்து உறைந்துபோகும் இடரே இல்லை.

அமைக்கும் முறை

1. மெருகோ வண்ணமோ பூசப்படாத பெரிய மண்பானை ஒன்றும், அதனுள் அடங்கும் சிறிய மண்பானை ஒன்றும் தேவை.
2. பெரிய பானையின் அடியில் மணலைப் பரப்பி, சிறிய பானையை அதன்மேல் அமர்த்தி, இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியையும் மணலால் நிரப்ப வேண்டும்.
3. மணல் நன்கு நனையுமாறு நீர் ஊற்றி, ஈரத்துணியால் வாயை மூட வேண்டும்.
4. இன்சுலினை நீர் புகாத சிறு பெட்டியில் இட்டுச் சிறிய பானைக்குள் வைக்க வேண்டும். இல்லையேல் குப்பியின் ஒட்டுத்தாள் நனைந்து, பெயரும் நாளும் அழிந்துவிடும்.
5. பானையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்து, நாளுக்கு இருமுறை மணலை நனைக்க வேண்டும்.

மூடிய அலமாரியில் வைத்தால் ஆவியாதல் நின்றுவிடும். உப்பு மிகுந்த நிலத்தடி நீரைப் பயன்படுத்தினால் நுண்துளைகள் நாளடைவில் அடைபடும். ஆகையால் வெளிப்புறத்தில் உப்புப் பூத்தவுடன் பானையைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

விருதுநகர் மாவட்டச் சூழல்

1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவான விருதுநகர் மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று இங்குக் குறைந்த மழையையே தருகிறது. இவ்வறட்சியே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்றியதற்கான காரணங்களுள் ஒன்றாகும். 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் இத்தொழிலுக்கு வித்திட்டனர். நனைந்த மருந்துக் கலவையும் ஒட்டிய காகிதமும் வெயிலில் விரைவாகக் காய்வதற்கு உதவும் அதே வறண்ட காற்று, ஈரப்பானையையும் நன்கு குளிரச் செய்கிறது. கோடையில் வெப்பம் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில்தான் ஈரப்பதம் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே தேவை மிகும் வேளையிலேயே பானையின் பயனும் மிகுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் (அக்டோபர் முதல் திசம்பர் வரை) காற்றில் ஈரம் கூடுவதால் பானையின் பயன் குறையும். அப்போது காற்றின் வெப்பநிலையும் தணிந்திருப்பதால் பெரும்பாலும் இழப்பில்லை.

பட்டாசுத் தொழிலாளர்கள் பலர் கிராமங்களிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புபவர்கள். ஆலைகளில் தீப்பொறியை உண்டாக்கக்கூடிய பொருட்களுக்குத் தடை உள்ளது. கைப்பேசியையும் பணியறைக்குக் கொண்டு செல்ல இயலாது. எனவே மின்கலத்தில் இயங்கும் குளிர்விப்பான்கள் இவர்களுக்கு உதவா. காலை உணவுக்கு முன்பும் இரவு உணவுக்கு முன்பும் கலவை இன்சுலின் செலுத்திக்கொள்பவர், இரு ஊசிகளையும் வீட்டிலேயே போட்டுக்கொள்ள முடியும் என்பதால் மருந்தை ஆலைக்கு எடுத்துச் செல்லத் தேவையில்லை. நண்பகலிலும் ஊசி தேவைப்படுவோர் ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயத்தையோ நீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பையையோ ஆலையின் உணவுக்கூடம் போன்ற நிழலான இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தகரம் அல்லது கல்நார்த் தகடு வேய்ந்த வீடுகளில் பகலில் உட்புற வெப்பம் வெளி வெப்பத்தையே விஞ்சக்கூடும். அத்தகைய வீடுகளில் கூரையை ஒட்டிய பரணில் மருந்தை வைக்காமல், தரையில், அடுப்பிலிருந்து விலகிய மூலையில் பானையை வைப்பது நன்று.

ஆய்வுகள்

புதுச்சேரி சிப்மர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32°செ, 37°செ வெப்பநிலைகளில் 28 நாட்கள் வைக்கப்பட்ட இன்சுலினின் வீரியம் 14 முதல் 18 விழுக்காடு வரை குறைந்திருந்தது. 26°செ-இல் வைக்கப்பட்டதில் இத்தகைய இழப்பு காணப்படவில்லை. மண்பானை எட்டக்கூடிய வெப்பநிலை இதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

பன்னாட்டு 'ஒரு குழந்தையின் உயிர்' திட்டத்தைச் சேர்ந்த கிரகாம் ஓகிள் முதலானோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மண்பானைகள் உள்ளிட்ட பல எளிய கருவிகளை ஒப்பிட்டு, அவை சேமிப்பு வெப்பநிலையைக் குறைக்கின்றன என்றும், ஈரப்பதம் குறைந்த நிலையில் மேலும் நன்கு செயல்படுகின்றன என்றும் காட்டியது.

2021இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் செனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதிகள் முகாம் ஒன்றின் வெப்பநிலையை ஆராய்ந்தன. நாள்தோறும் 25°செ-க்கும் 37°செ-க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பநிலையில் 4 வாரங்கள் வைத்தும், இன்சுலின் குறிப்பிடத்தக்க வீரியத்தை இழக்கவில்லை. 2023இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, திறக்கப்படாத சில மனித இன்சுலின் வகைகளை 25°செ வரை 6 மாதங்களும், 37°செ வரை 2 மாதங்களும் வைத்திருக்க இயலும் என்று கூறுகிறது.

இம்முடிவுகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் ஒத்துப்போகவில்லை. ஆகவே கூடியவரை குளிர்ச்சியாக வைப்பதே பாதுகாப்பானது. அதேவேளை, ஓரிரு நாட்கள் அறை வெப்பத்தில் இருந்துவிட்ட குப்பி உடனே நஞ்சாகிவிடுவதில்லை என்பதும் இவற்றால் தெளிவாகிறது.

எடுத்துச் செல்லுதல்

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாக வழங்கப்படுகிறது. அங்கிருந்து பேருந்தில் வீடு திரும்பும் நேரமே பலருக்கு மருந்து வெயிலில் படும் நேரமாகும். வாயகன்ற வெந்நீர்க் குடுவையைக் குளிர்ந்த நீரில் அலசி, நெகிழிப்பையில் சுற்றிய குப்பியை அதனுள் வைத்து மூடி எடுத்துச் செல்லலாம். பனிக்கட்டி பயன்படுத்தினால் அது குப்பியை நேரடியாகத் தொடாதவாறு தடித்த துணி சுற்ற வேண்டும். பேருந்தின் இயந்திர மூடி, நிறுத்தி வைத்த மகிழுந்து, இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி ஆகியவற்றில் மருந்தை வைத்தல் கூடாது.

கெட்டுப்போன இன்சுலினை அறிதல்

* தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியோ நிறம் மாறியோ இருத்தல்.
* கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிய பின்னும் கட்டிகள் மிதத்தல், அல்லது குப்பியின் சுவரில் வெண்படலம் ஒட்டியிருத்தல்.
* உணவிலும் ஊசி அளவிலும் மாற்றமின்றியே குருதிச் சர்க்கரை தொடர்ந்து கூடுதல்.

வீரியம் குறைந்த இன்சுலின் பார்வைக்கு மாறாமலும் இருக்கக்கூடும். எனவே மூன்றாவது அறிகுறி முதன்மையானது. ஐயம் எழுந்தால் புதிய குப்பிக்கு மாற வேண்டும். மாற்றுக் குப்பி கையில் இல்லையெனில் ஊசியை நிறுத்திவிடாமல் உடனே மருத்துவமனையை அணுக வேண்டும். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே குருதியில் கீட்டோன் அமிலம் மிகுந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். வீரியம் குறைந்தது என்றெண்ணித் தாமாகவே அளவைக் கூட்டுவதும் தவறாகும். அடுத்த புதிய குப்பியில் அதே அளவு சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும்.

பிற ஊசி மருந்துகள்

லிராகுளூட்டைடு, செமாகுளூட்டைடு, வளர்ச்சி இயக்குநீர் முதலிய ஊசி மருந்துகளும் 2 - 8°செ வெப்பநிலையில் வைக்கப்படுவன, இவையும் உறையக்கூடாது. ஆனால் அறை வெப்பத்தில் இவை தாங்கும் காலம் மருந்துக்கு மருந்து வேறுபடும். இன்சுலினுக்குரிய 4 வார விதியை இவற்றுக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

இவற்றையும் பார்க்க

* இன்சுலின்
* நீரிழிவு நோய்
* ஆவியாதல்
* விருதுநகர் மாவட்டம்
* சிவகாசி