தேதி தவறிய பதக்கம்

உள்ளங்கையில் அடங்கிவிடும் வெண்கலப் பதக்கம் அது. ஒரு பக்கத்தில், பீரங்கியும் விமானமும் ஏற்றிய கப்பல் ஒன்று மூழ்குகிறது. மேலே, தடைசெய்த சரக்கு எதுவும் இல்லை என்று ஜெர்மன் மொழியில் ஒரு கேலி வாசகம். மறுபக்கம் குனார்ட் கப்பல் கம்பெனியின் டிக்கெட் கவுண்டர். ஜன்னலுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பது ஓர் எலும்புக்கூடு. முண்டியடிக்கும் கூட்டத்தில் ஒருவர் கையில் செய்தித்தாள். அதில் நீர்மூழ்கி அபாயம் என்ற தலைப்பு. தாடிக்காரர் ஒருவர் விரல் உயர்த்தி எச்சரிக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல் வியாபாரம் என்கிறது உச்சியில் உள்ள வரி.

மியூனிக் நகரச் சிற்பி கார்ல் கோட்ஸ் 1915 ஆகஸ்டில் இதைச் சொந்தச் செலவில் செய்தார். முதல் உலகப் போரில் குனார்டின் பயணிகள் கப்பல் லூசிட்டானியா மூழ்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கப்பல் மே 1 அன்று நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்டது. பிரிட்டிஷ் கொடியுள்ள கப்பலில் ஏறுவது ஆபத்து என்று ஜெர்மன் தூதரகம் கொடுத்த அறிவிப்பு அன்றே அமெரிக்க நாளிதழ்களில் வந்திருந்தது. மே 7 பிற்பகல், அயர்லாந்தின் தென்கரையருகே, வால்டர் ஷ்வீகர் தலைமையிலான யு-20 நீர்மூழ்கி ஒரே ஒரு டார்பிடோவை ஏவியது. அது தாக்கிய கையோடு உள்ளே இன்னொரு வெடிப்பு. கப்பல் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. இடப்பக்கத்து உயிர்காப்புப் படகுகள் உள்நோக்கி ஆடித் தளத்தில் நின்றவர்கள் மேலேயே மோதின. வலப்பக்கத்துப் படகுகளோ கப்பலை விட்டு எட்டத் தொங்கின. இருந்த 48 படகுகளில் ஒழுங்காக இறங்கியவை 6. பதினெட்டே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கப்பலில் இருந்த சுமார் 1,960 பேரில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள்.

எச்சரிக்கை வந்த பிறகும் டிக்கெட் விற்ற கம்பெனிமீதுதான் கோட்ஸுக்குக் கோபம். அதில் ஓரளவு நியாயம் இருந்தது. சரக்கறையில் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தன என்பதும் உண்மை. ஆனால் பீரங்கியும் விமானமும் அவர் கற்பனை. அதைவிடப் பெரிய குற்றமாக எனக்குப் படுவது கவுண்டர் முன் நிற்கும் அந்த டிக்கெட் வரிசைதான். டிக்கெட் வாங்கி ஏறியவர்களில் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களைப் பேராசைக்காரக் கம்பெனியிடம் ஏமாந்த கூட்டமாகச் செதுக்க ஒரு கலைஞனுக்கு எப்படி மனம் வந்தது?

அவரைக் கவிழ்த்தது ஓர் எண். மே 7 என்று இருக்க வேண்டிய இடத்தில் மே 5 என்று பொறித்துவிட்டார். செய்தித்தாளில் வந்த தவறான தகவலால் நேர்ந்த பிழை என்று பிற்பாடு விளக்கினார். பிரிட்டனோ அதை அப்படியே பிடித்துக்கொண்டது: சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்தேதி போட்டுப் பதக்கம் அடித்திருக்கிறார்கள் என்றால், இது திட்டமிட்ட கொலை அல்லாமல் வேறென்ன?

பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறைத் தலைவர் ரெஜினால்டு ஹால் அந்தப் பிரச்சார வாய்ப்பை விடவில்லை. லண்டனின் பெரிய கடை முதலாளி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் மூலம் நகல்கள் தயாராயின. இரும்பில் வார்த்து, பெட்டியில் வைத்து, ஜெர்மானியரைக் கடுமையாகச் சாடும் துண்டுப்பிரசுரத்தோடு ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கோட்ஸ் வார்த்தவை சில நூறுதான். பிரிட்டனில் விற்றவை சுமார் இரண்டரை லட்சம். வசூல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும், போரில் பார்வையிழந்தவர்களைப் பராமரித்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதிக்கும் போனது. நல்ல காரியத்துக்குத்தான் போனது. ஆனால் தேதிப் பிழையைச் சதிக்குச் சான்றாகக் காட்டியது பொய். இறந்தவர்களை இரு தரப்புமே தங்கள் வாதத்துக்குப் பயன்படுத்திக்கொண்டன.

கோட்ஸ் மே 7 என்று திருத்தி மறுபடி வெளியிட்டார். பலன் இல்லை. உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் மிரண்ட ஜெர்மனியின் பவேரிய அரசு 1917-ல் பதக்கத்தைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. ஜெர்மனி மீதான வெறுப்பு வளரத் தன் வேலையே காரணமாகிவிட்டது என்று போருக்குப் பின் அவர் வருந்தினார்.

இன்று ஏலங்களில் அடிக்கடி தலைகாட்டுவது பிரிட்டிஷ் நகல்தான். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது மாதத்தின் பெயரை: அசலில் அது ஜெர்மன் எழுத்துக்கூட்டில் இருக்கும், நகலில் ஆங்கிலத்தில். அடுத்து விளிம்பைத் திருப்பி, கோட்ஸின் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள்.