அழைப்பு மணியும் அஞ்சு சென்ட் பாட்டிலும்

எங்க அத்தை திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில இருந்தப்போ, ஒரு கறுப்பு ஜிப் பையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போவாங்க. உள்ளே கிரீம், பவுடர், லிப்ஸ்டிக், கூடவே வழவழ தாள்ல ஒரு கேட்லாக். கம்பெனி பேரு வேண்டாம். காலனி முழுக்க தெரிஞ்சவங்கங்கறதால வியாபாரம் நல்லாவே ஓடுச்சு. ஒருநாள் அடுத்த லைன் அக்கா ஒருத்தங்களுக்கு கிரீம் போட்டு முகமெல்லாம் சிவந்து தடிச்சுப் போச்சு. அவங்க கம்பெனிக்கு போன் பண்ணலை, அத்தை வீட்டுக் கதவைத்தான் தட்டினாங்க. அத்தைக்கு மேலே இருந்த 'லீடர்' மேடம், "அவங்க ஸ்கின் டைப் அப்படி"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அத்தை கைக்காசைப் போட்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. அதோட அந்த சிநேகிதமும் போச்சு.

இப்படி ஒரு ஏற்பாட்டை யாருப்பா கண்டுபிடிச்சதுன்னு ரொம்ப நாளா ஒரு குடைச்சல். தேடிப் படிச்சா கதை 1886-ல நியூயார்க்ல தொடங்குது.

டேவிட் மெக்கானல்னு ஒருத்தர். வீடு வீடாப் போய் புத்தகம் விக்கிறவர். கதவைத் திறக்க வைக்கறதுக்காக சின்ன சென்ட் பாட்டில் ஒண்ணு இலவசமா கொடுப்பாராம். புத்தகத்தை விட சென்ட்டுக்குத்தான் மவுசு அதிகம்னு சீக்கிரமே புரிஞ்சுபோச்சு. புத்தகத்தைக் கடாசிட்டு, அஞ்சு வாசனை கொண்ட ஒரு செட்டோட கம்பெனி ஆரம்பிச்சார். பேரு 'கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி'. இருந்தது என்னவோ நியூயார்க்ல (பேர்ல என்ன இருக்கு!). 1939-ல தான் அது 'ஏவான்' ஆச்சு.

மெக்கானலோட உண்மையான கண்டுபிடிப்பு சென்ட் இல்லை, ஆல்பி அம்மாதான். நியூஹாம்ஷயர் மாநிலத்துல வின்செஸ்டர்ங்கற சின்ன ஊர்க்காரங்க. ரயில்லயும் குதிரை வண்டியிலயும் ஊர் ஊராப் போய் வித்தாங்க. அதைவிட முக்கியம், போன இடத்துலயெல்லாம் வேற பெண்களையும் விக்கறதுக்குச் சேர்த்துவிட்டாங்க. அமெரிக்கா முழுக்க பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1920-ல. அதுக்கு 34 வருஷம் முன்னாடியே ஒரு குடும்பப் பெண் சொந்தமா காசு பார்க்க வழி கிடைச்சதுன்னா அது சின்ன விஷயம் இல்லை. இதை மறைச்சுட்டு வெறுமனே கம்பெனியைத் திட்டறது நியாயமாகாது.

ஆனா அந்தப் பெண்கள் கம்பெனியோட ஊழியர்கள் கிடையாது. சம்பளம் இல்லை, கமிஷன் மட்டும். வித்தா காசு, விக்கலைன்னா கால்வலி. சரக்குக்கு உத்தரவாதம் என்னன்னு கேட்டா, விக்கிற அம்மாவோட முகம்தான். "நம்ம பக்கத்து வீட்டு அம்மா சொல்றாங்க, கெடுதலா இருக்குமா?" 1954-ல வந்த 'டிங் டாங், ஏவான் காலிங்' விளம்பரம் வித்ததும் இந்த நம்பிக்கையைத்தான்.

அப்போ சட்டம் என்ன பண்ணிச்சுன்னு கேக்கறீங்களா? 1906-ல அமெரிக்கா போட்ட உணவு, மருந்துச் சட்டத்துல அழகு சாதனம்ங்கற பேச்சே இல்லை. 1930கள்ல 'லாஷ் லூர்'னு ஒரு இமைச் சாயம். அதைப் பூசிக்கிட்ட பெண்கள் சிலருக்குக் கண் பார்வையே போச்சு, ஒருத்தங்க செத்தே போனாங்க. (இது அழகு நிலையங்கள்ல பூசினது, ஏவானுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.) அந்தச் சாயத்தைச் சந்தையிலேர்ந்து எடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரமே கிடையாது! 1938-ல தான் புதுச் சட்டம் வந்துச்சு. அதுலயும் விற்பனைக்கு முன்னாடி பரிசோதிச்சு ஒப்புதல் வாங்கணும்னு கட்டாயம் இல்லை. ஒருத்தருக்குப் பெரிய பாதிப்பு வந்தா கம்பெனி அதை அரசுக்குச் சொல்லியே ஆகணும்ங்கற சட்டம் 2022 டிசம்பர்லதான் நிறைவேறிச்சு. 84 வருஷம்! அதுவரைக்கும் புகார்ப் பெட்டின்னு ஒண்ணு இருந்திருந்தா, அது எங்க அத்தை மாதிரி யாரோ ஒருத்தங்க வீட்டு வாசல்தான்.

ஏவானை அரக்கனா காட்டற எண்ணம் எனக்கு இல்லை. 1989-ல விலங்குகள் மேல சோதனை பண்றதை நிறுத்தறோம்னு முன்வந்து சொன்ன பெரிய கம்பெனிகள்ல அதுவும் ஒண்ணு. அப்புறம் சீனா சந்தை வந்துச்சு. இறக்குமதி அழகு சாதனங்களுக்கு விலங்குச் சோதனை கட்டாயம்னு அங்கே அப்போ சட்டம் இருந்துச்சு. ஏவான் தலையாட்டிடுச்சு. 2012-ல விஷயம் வெளியே வந்ததும் பீட்டா அமைப்பு தன்னோட நல்ல கம்பெனிகள் பட்டியல்லேர்ந்து பேரைத் தூக்கிடுச்சு.

அதே சீனாவுல இன்னொரு கூத்து. பிரமிட் மோசடிகள் பெருகினதால 1998-ல நேரடி விற்பனைக்கே தடை போட்டாங்க. தடை விலகினதும் 2006-ல முதல் உரிமம் ஏவானுக்கு. எப்படிக் கிடைச்சுதுன்னு தோண்டினா பரிசு, பயணம், விருந்துன்னு அதிகாரிகளுக்குப் போனது சுமார் 80 லட்சம் டாலர். 2014-ல 13.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடிச்சாங்க. வாசல்ல ஆல்பி அம்மா முகம், கொல்லைப்புறத்துல இந்த வேலை.

கடைசியில பவுடர். டால்க்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கு, அதனால புற்றுநோய் வந்துச்சுன்னு வழக்குகள். கம்பெனி மறுத்துச்சு. 2024 ஆகஸ்ட்ல ஏவான் புராடக்ட்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனப்போ நிலுவையில 380க்கும் மேல டால்க் வழக்குகள். வழக்குப் போட்டவங்க பக்கம் சரியா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு? ஆனா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இந்தப் பவுடரை வித்த ஒரு அம்மா பேப்பர்ல இதைப் படிச்சப்போ என்ன நினைச்சிருப்பாங்கன்னுதான் யோசனை ஓடுது.

அத்தை அந்தக் கறுப்புப் பையில இப்போ ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் வச்சிருக்காங்க. போன மாசம் பேச்சுவாக்குல அந்த அக்காவைப் பத்திக் கேட்டேன். "அவ மேல தப்பில்லடா, வித்தது நான்தானே"ன்னாங்க. கம்பெனியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

கொசுறு (நிஜமாவே கொசு சம்பந்தப்பட்டது): ஏவானோட 'ஸ்கின் சோ சாஃப்ட்'ங்கற குளியல் எண்ணெயைக் கொசு விரட்டின்னு நினைச்சு அமெரிக்கர்கள் பல வருஷம் பூசிக்கிட்டாங்க. 1990கள்ல கம்பெனியே அதே பேர்ல நிஜக் கொசு விரட்டியும் போட்டு வித்துடுச்சு :-)