கொங்கின் புதல்வன்

பொருளாதார மந்தத்தால் நலிந்திருந்த ஆர்.கே.ஓ. படநிறுவனத்துக்கு, 1933 மார்ச்சு மாதம் நியூயோர்க்கில் வெளியான 'கிங் கொங்' பெரும் பொருள் ஈட்டித் தந்தது. வில்லிஸ் ஓபிரையன் சிறு பாவைகளைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்து உயிரூட்டிய அப்பெருங்குரங்கு, அச்சத்தோடு இரக்கத்தையும் விளைவித்தது.

அவ்வெற்றியின் சூடு ஆறுமுன் பயன்கொள்ள விழைந்த நிறுவனம், அவ்வாண்டு டிசெம்பரிலேயே 'கொங்கின் புதல்வன்' என்னும் தொடர்ச்சியை வெளியிட்டது. நெறியாளர் ஷூட்சாக்கும் ஓபிரையனும் இதிலும் பணிபுரிந்தனர். ஆயின், முன்னைய படத்தின் செலவிற் பாதிதானும் இதற்கு ஒதுக்கப்படவில்லை. நூறு நிமிடப் படத்தைத் தொடர்ந்து வந்தது எழுபது நிமிடப் படமே. நடுங்கவைத்த தந்தையின் இடத்தில் நகைப்பூட்டும் வெண்குட்டி நின்றது.

எனினும், தீவு கடலில் அமிழும் இறுதிக் காட்சியில், தன் தந்தையைச் சிறைபிடித்த டெனமைக் கையில் உயர்த்திக் காத்து அக்குட்டி மூழ்குகின்றது. கலைஞரின் ஆற்றல் குன்றவில்லை. அவருக்கு அளிக்கப்பட்ட காலமே குன்றியது என்பதற்கு அக்காட்சி சான்று.