அதிவேக எஃகு வெட்டுக் கருவிகளின் தயாரிப்பு

அதிவேக எஃகு என்பது, வெட்டும்போது உண்டாகும் வெப்பத்தால் முனை சூடேறினாலும் கடினத்தன்மையைப் பெரிதும் இழக்காத கலப்பு எஃகு ஆகும். பட்டறைகளில் இது எச்.எஸ்.எஸ். என அழைக்கப்படுகிறது. சாதாரணக் கரிம எஃகுக் கருவிகள் ஏறத்தாழ 250 பாகை செல்சியசைத் தாண்டினால் மழுங்கிவிடும். அதிவேக எஃகோ ஏறத்தாழ 600 பாகை வரை தாக்குப்பிடிக்கும். துளையிடும் அலகுகள், மரை வெட்டிகள், துருவல் வெட்டிகள் முதலியன இதனால் செய்யப்படுகின்றன.

வரலாறு

அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு நிறுவனத்தில் பிரெடெரிக் டெய்லர், மௌன்செல் வைட் ஆகிய இருவரும் 1898 முதல் சோதனைகள் நடத்தினர். கருவி எஃகை மிகையாகச் சூடேற்றினால் அது கெட்டுவிடும் என்பதே அதுவரை நிலவிய நம்பிக்கை. ஆனால் டங்ஸ்டன், குரோமியம் கலந்த எஃகை உருகுநிலைக்கு அருகில் சூடேற்றியபோது அதன் வெட்டும் திறன் பெருமளவு உயர்ந்தது. இக்கருவிகள் 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இயக்கிக் காட்டப்பட்டன.

மூலப்பொருள்

எம்2 என்னும் வகை பரவலாகப் பயன்படுகிறது. இதில் ஏறத்தாழ 6% டங்ஸ்டன், 5% மாலிப்டினம், 4% குரோமியம், 2% வனேடியம், 0.85% கரிமம் உள்ளன. மின் உலையில் உருக்கி வார்க்கப்படும் பாளத்தில் கடினமான கார்பைடுகள் வலைபோல் திரண்டு நிற்கும். இவ்வலை உடையாவிட்டால் கருவியின் விளிம்பு எளிதில் சிதறும். எனவே பாளத்தைச் சூடாக்கி அடித்தும் உருட்டியும் கார்பைடுகளைப் பரவச் செய்கின்றனர்.

தூள் உலோகவியல் முறையில் உருகிய எஃகு, நைதரசன் வளிமத் தாரையால் நுண்துளிகளாகச் சிதறடிக்கப்படுகிறது. துளிகள் விரைவாக உறைவதால் கார்பைடுகள் மிகச் சிறியனவாகவே இருக்கும். இத்தூளை உறையிலிட்டு, உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கித் திண்மமாக்குவர். இம்முறையில் செலவு அதிகம்.

வடிவமைத்தல்

மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கிய தண்டு, கடைசல், துருவல் முறைகளால் வடிவம் பெறுகிறது. துளை அலகின் சுருள் பள்ளங்களைச் சூட்டில் உருட்டியும், கடினப்படுத்திய தண்டில் நேரடியாகச் சாணை பிடித்தும் உருவாக்கலாம். பெரிய அலகுகளில் செலவைக் குறைக்க, பிடிப்புப் பகுதியை மலிவான எஃகில் செய்து உராய்வு முறையில் பற்றவைப்பதுண்டு.

வெப்பப் பதப்படுத்தல்

கருவியின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இக்கட்டமே. விரிசலைத் தவிர்க்க எஃகு படிப்படியாகச் சூடேற்றப்படுகிறது. எம்2 வகைக்கு இறுதி வெப்பநிலை ஏறத்தாழ 1200 பாகை. வெப்பம் குறைந்தால் கார்பைடுகள் போதிய அளவு கரையா. மிகுந்தால் மணிகள் பருத்து எஃகு நொறுங்கும். உப்புக் குளியல் அல்லது வெற்றிட உலை இதற்குப் பயன்படுகிறது.

விரைவாகக் குளிர்வித்த பின்னரும் ஆஸ்டினைட்டின் ஒரு பகுதி மாறாமல் எஞ்சியிருக்கும். ஆகவே எஃகு ஏறத்தாழ 550 பாகையில் மீண்டும் சூடேற்றப்படுகிறது. அப்போது நுண்ணிய கார்பைடுகள் தோன்றிக் கடினத்தன்மை உயரும். குளிரும்போது எஞ்சிய ஆஸ்டினைட்டு மார்ட்டென்சைட்டாக மாறும். புதிதாக உண்டான இம்மார்ட்டென்சைட்டு நொறுங்கும் தன்மை உடையது. அதைப் பதப்படுத்தவே இச்செயல் இரண்டு அல்லது மூன்று முறை செய்யப்படுகிறது. இறுதியில் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் சுமார் 64 ஆக இருக்கும்.

இறுதி வேலைகள்

விளிம்புகள் சாணை பிடித்துக் கூர்மையாக்கப்படுகின்றன. அப்போது குளிர்விப்பு போதாவிடில் விளிம்பு மென்மையாகும் அல்லது விரிசலுறும். தேய்மானத்தைக் குறைக்க, சில மைக்ரோமீட்டர் தடிப்பில் பொன்னிறமான டைட்டானியம் நைட்ரைடு பூசப்படுவதுண்டு. வெற்றிடத்தில் நிகழும் இப்பூச்சு வழக்கமாக 500 பாகைக்குக் கீழே நடைபெறுவதால், முன்பு பெற்ற கடினத்தன்மை குறைவதில்லை.