பூட்டும் திறவுகோலும்

உழைத்து ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை முதுமைக்கென எடுத்து வைப்பது அறிவுடைமை. அதை எடுத்து வைக்குமாறு சட்டமே கட்டளையிடுவது இக்காலத்து முறை. அவ்வாறு வைத்த பொருளை உடையவன் விரும்பியபோது எடுத்துக்கொள்ளலாமா, அல்லது சட்டம் குறித்த நாள் வரையில் காத்திருக்க வேண்டுமா? பூட்டு ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்றால், அதன் திறவுகோல் யார் கையில் இருக்க வேண்டும்? இந்த வினாவின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே! ஓய்வூதியம் முதியோர் செய்தி, இளைஞராகிய நமக்கு அதில் என்ன என்று நீங்கள் எண்ணக்கூடும். முதியவர் கையில் வாங்கும் பணம் இளமையில் பிடித்த பணமேயாகும். தாம்பரத்து ஏற்றுமதி வளாகத்திலோ, மறைமலைநகர்த் தொழிற்சாலையிலோ, கல்பாக்கத்து அணுசக்தி நிலையத்திலோ நீங்கள் முதற் சம்பளம் வாங்கும் மாதத்திலேயே இந்தப் பூட்டு உங்கள் வாழ்வில் விழுந்துவிடுகிறது.

செங்கற்பட்டுச் சீமையில் பூட்டி வைத்த முதலின் வரலாறு மிகப் பழமையானது. தொண்டைநாட்டுக் கோயிற் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடரைக் காண்கிறோம். ஒரு நந்தாவிளக்கு எரிவதற்காக 90 ஆடுகளோ 96 ஆடுகளோ கோயிலுக்கு விடப்படும். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் இறக்கலாம், குட்டிகள் பிறக்கலாம். ஆனால் கணக்கில் அந்த 96 ஆடுகள் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. முதலைத் தொடாமல் பயனை மட்டும் துய்க்கும் ஏற்பாடு இது.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. அங்கே ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த முதலாம் ஆதித்த சோழனின் கல்வெட்டு ஒன்று உண்டு. கந்தசிஷ்யன் என்னும் பழைய அரசன் கோயிலுக்கு நிலம் விட்டான். வாதாபி கொண்ட நரசிங்கவர்மன், அதாவது மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த பல்லவன், அக்கொடையைக் காத்தான். சோழன் அதனைப் புதுப்பித்தான் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அரச மரபு மாறியும் வாக்கு மாறவில்லை.

இதை எதற்காகச் சொல்கிறேன்? பூட்டி வைத்த முதல் நிலைப்பதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, முதல் குறையாதிருத்தல். மற்றொன்று, வாக்குத் தந்தவர் வாக்குத் தவறாதிருத்தல். கோயிற் கொடையாளி தன் பொருளைப் பிறர் நலனுக்காகத் தானே பூட்டினான். இக்காலத் தொழிலாளியின் பொருளையோ, அவன் நலனுக்காகவே பிறர் பூட்டுகின்றனர். ஆகவே அவனுக்கு மூன்றாவது ஒன்றும் தேவையாகிறது. தேவை வந்த நாளில் பூட்டுத் திறக்க வேண்டும்.

ஆங்கில ஆட்சியில் ஓய்வூதியம் என்பது பெரும்பாலும் அரசு ஊழியர்க்குரியது; அதுவும் மேலோர் மனமுவந்து அளிக்கும் கொடையாகவே கருதப்பட்டது. ஓய்வூதியமில்லாத ஊழியர்க்காகச் சேமநிதி என்னும் முறை வளர்ந்தது. அதற்கென 1897-இல் ஒரு சட்டமும், அதனை விரிவாக்கி 1925-இல் மற்றொரு சட்டமும் பிறந்தன. கடன் கொடுத்தவன் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினாலும் ஊழியனின் கட்டாயச் சேமநிதியை ஜப்தி செய்ய முடியாது என்று 1925-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்தப் பூட்டு உடையவனுக்கு எதிராக மட்டும் போடப்பட்டதன்று; வட்டிக்கடைக்காரனுக்கு எதிராகவும் போடப்பட்டது. பூட்டினால் வரும் நன்மையை நாம் மறக்கலாகாது.

விடுதலைக்குப் பின் இவ்வேற்பாடு ஆலைத் தொழிலாளிக்கும் வந்தது. 1951 நவம்பரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952-இல் பாராளுமன்றச் சட்டமாகி, அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் வழக்கில் அதற்குப் பி.எஃப். என்று பெயர். முதலில் சிமெண்டு, சிகரெட்டு, பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. தொழிலாளி நூற்றுக்கு ஆறேகால் பங்கு செலுத்த, முதலாளியும் அவ்வளவே செலுத்தினார். பின்னர் அது படிப்படியாகப் பெரும்பாலான தொழில்களில் 12 சதவீதமாயிற்று. 1995 நவம்பர் 16 முதல் முதலாளியின் பங்கில் 8.33 சதவீதம், சட்டம் வகுத்த ஊதிய வரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதிய நிதிக்குப் பிரித்து அனுப்பப்படுகிறது.

வீடு கட்டவும், நோய் தீர்க்கவும், மக்கள் திருமணத்துக்கும் கல்விக்கும் அந்நிதியிலிருந்து எடுக்க வழி வைத்தார்கள். வேலை இழந்து இரண்டு மாதம் சும்மா இருந்தால் முழுத் தொகையையும் பெறலாம் என்ற விதியும் இருந்தது. அதாவது, பெட்டிக்குச் சிறு திறவுகோல்கள் சில தொழிலாளியின் கையிலேயே இருந்தன.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை அத்திறவுகோல்களில் முதன்மையானதைத் திரும்பப் பெற்றது. வேலை இழந்தவர் தாம் செலுத்திய பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்கலாம். முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரையில் தொட இயலாது என்றது அது. அதே மாதம் 29-ஆம் நாள் வந்த வரவு செலவுத் திட்டம், பி.எஃப். பணத்தை எடுக்கும்போது அதில் 60 சதவீதத்துக்கு வரி விதிக்கும் யோசனையையும் கொண்டுவந்தது. எதிர்ப்பு எழுந்தமையால் வரி யோசனை மார்ச்சு 8-ஆம் நாள் கைவிடப்பட்டது. அறிவிக்கையோ தள்ளி வைக்கப்பட்டதேயன்றி நீங்கவில்லை.

ஏப்ரல் 18-ஆம் நாள் பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் வந்து அமர்ந்தார்கள். ஓசூர்ச் சாலையில் போக்குவரத்து நின்றது. முன்னின்று நடத்திய பெருந்தலைவர் எவருமில்லை. மறுநாள் கலவரம் மூண்டது, பேருந்துகள் எரிந்தன, காவலர் தடியடி நடத்தினர். அன்று மாலைக்குள் தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார்.

பேருந்தை எரிப்பதை யாரும் பாராட்ட இயலாது. ஆனால் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருந்த பெண்கள் ஏன் எழுந்தார்கள் என்பதை வரலாறு கேட்டாக வேண்டும். ஆடைத் தொழிலில் பெண் ஒருத்தி 58 வயது வரை நிலைப்பது அரிது. திருமணத்தாலோ, மகப்பேற்றாலோ, உடல் தளர்ச்சியாலோ, ஆலை மூடுவதாலோ அவள் இடையிலேயே வெளியேறுகிறாள். முப்பது வயதில் வேலை விட்டவளிடம், உன் பணம் இருபத்தெட்டு ஆண்டு கழித்துக் கிடைக்கும் என்றால், அது அவளுக்குச் சேமிப்பாகத் தோன்றுமா, இழப்பாகத் தோன்றுமா? சட்டம் வகுத்தவர் மனக்கண்ணில் ஒரே ஆலையில் முப்பத்தைந்து ஆண்டு உழைக்கும் தொழிலாளி இருந்தார். சாலையில் அமர்ந்தவர் வேறொருவர். முரண்பாட்டின் வேர் அதுவே.

அந்த வழக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2025 அக்டோபர் 13-ஆம் நாள் நிதியின் மத்திய அறங்காவலர் குழு, கணக்கில் 25 சதவீதம் எப்போதும் நிற்க வேண்டும் என்றும், எஞ்சியதை எளிதில் எடுக்கலாம் என்றும், வேலை இழந்தவர் கணக்கை முழுவதும் முடித்துக்கொள்ள இரண்டு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. பெட்டியின் ஒரு கதவைத் திறந்து மற்றொன்றை இறுக்கியது போன்றது இம்முடிவு.

தெருவில் நடந்த போராட்டத்தைக் கண்டோம். இனி நீதிமன்றத்தில் நடந்ததைக் காண்போம். அக்கால விதிப்படி அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது தம் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தத் தொகை ஒன்றைப் பெற முடிந்தது. இதனைக் கம்யூட்டேஷன் என்பர். எடுத்துக்காட்டாக, மாதம் 600 ரூபாய் ஓய்வூதியம் உடையவர் 200 ரூபாயை விட்டால், அந்நாளில் ஏறத்தாழப் பத்தரை ஆண்டுக்குரிய தொகை, அதாவது சுமார் 25,000 ரூபாய் கைக்கு வந்தது. வீடு கட்டவோ மகள் திருமணத்துக்கோ அது உதவும். ஆனால் அதற்குப் பின் அவர் எண்பது வயது, தொண்ணூறு வயது வாழ்ந்தாலும் மாதம் 400 ரூபாய்தான். கொடுத்த தொகை வட்டியுடன் பன்னிரண்டு ஆண்டுகளில் அரசுக்குத் திரும்பிவிடுகிறது. அதன் பின்னும் பிடித்துக்கொண்டே இருப்பது எவ்வகை நியாயம் என்று கேட்டுக் 'காமன் காஸ்' என்னும் பொதுநல அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. எச்.டி. ஷௌரி என்பவர் அவ்வமைப்பை நிறுவியவர். 1986 டிசம்பரில் வந்த தீர்ப்பின்படி, பதினைந்து ஆண்டு கழிந்ததும் விட்டுக்கொடுத்த பங்கு மீண்டும் ஓய்வூதியத்தில் சேரும் என்றாயிற்று.

அத்தீர்ப்புக்கு நான்கு ஆண்டு முன்னரே, 1982 டிசம்பர் 17-ஆம் நாள், டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஓர் அடிப்படையை நிறுவியிருந்தது. ஓய்வூதியம் அரசின் விருப்பத்தால் வரும் கொடை அன்று. உழைப்பினால் ஈட்டிய உரிமை என்பதே அது. அந்நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அப்படியானால் பூட்டையே உடைத்து முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிட்டால் சிக்கல் தீருமா? இதற்கு விடை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியில் சேர்ந்த மாநில அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தார்கள். மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி முதல் சேர்ந்தோர்க்கு வகுத்த திட்டம், ஓய்வு நாளில் சேர்ந்த தொகையில் 40 சதவீதத்தையேனும் மாத ஓய்வூதியம் வாங்குவதற்கென ஒதுக்கச் சொன்னது. தமிழ்நாடு அத்திட்டத்தில் சேரவில்லை. ஓய்வு பெற்றவர்க்குத் தொகை முழுவதையும் மொத்தமாகவே கொடுத்தது. ஆனால் மாத ஓய்வூதியம் இல்லை. முழுப் பணமும் கையில் வந்தும் ஆசிரியர்கள் மகிழவில்லை. 2019 ஜனவரி 22 முதல் 30 வரையில் ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு நடத்திய வேலைநிறுத்தத்தின் முதற் கோரிக்கை, பழைய ஓய்வூதியத்தைத் திரும்பத் தரவேண்டும் என்பதே. 2026 ஜனவரியில் மாநில அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அறிவித்தது.

பெங்களூர்ப் பெண்கள் மொத்தப் பணத்தைக் கேட்டார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் மாதப் பணத்தைக் கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்க் கோரிக்கைகள். ஆழ்ந்து பார்த்தால் இரண்டின் வேரும் ஒன்றே. என் வாழ்வின் நடையை அறியாமல், என்னைக் கேளாமல், என் பொருளுக்கு விதி வகுக்காதே என்பதே அது.

பிற நாடுகளிலும் இதே வழக்கைக் காண்கிறோம். தமிழர் பலர் உழைக்கும் சிங்கப்பூரில் 1955-இல் மத்திய சேமநிதி தோன்றியது. 55 வயதில் பணத்தை எடுக்கலாம் என்பது அங்கு விதி. அவ்வயதை 60 ஆக்கலாம் என்று 1984-இல் ஒரு குழு பரிந்துரைத்தபோது மக்கள் கொதித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்குகள் பெரிதும் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வயது உயர்த்தப்படவில்லை, ஆனால் 1987 முதல் ஒரு குறைந்த அளவுத் தொகையை நிதியிலேயே நிறுத்தி வைக்கும் விதி வந்தது. பிரிட்டனோ மாறாக, 2015 ஏப்ரலில் 55 வயது கடந்தோர் தம் சேமிப்பை விரும்பியவாறு எடுக்கலாம் என்று பூட்டைத் திறந்துவிட்டது. அதனுடனேயே இலவச ஆலோசனைக்கும் அரசு ஏற்பாடு செய்ய நேர்ந்தது.

நம் கடற்கரைக்கே திரும்புவோம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையில் உள்ள மீனவர்க்குப் பி.எஃப். இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. ஆயினும் அவர்களுக்கென அமைந்த சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் ஒன்று உண்டு. மீன் கிடைக்கும் காலத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்துகிறார். மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்க்கின்றன. கடல் ஒன்றும் தராத மாதங்களில் 4,500 ரூபாயாக அது அவர் கைக்கு வருகிறது. தொகை சிறிது, இன்னும் பெருக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அமைப்பைப் பாருங்கள். அங்கும் பூட்டு உண்டு. கடலின் பருவத்தை அறிந்து போட்ட பூட்டாதலால், அடுப்பு அணையும் நாளில் அது திறக்கிறது.

சேமநிதியின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுதான் என்று நான் கருதுகிறேன். பூட்டு வேண்டாம் என்பது விவேகமன்று; கடன்காரனும் நோயும் நீண்ட ஆயுளும் காத்திருக்கின்றன. பூட்டினவன் சொன்னதே சட்டம் என்பதும் நீதியன்று. வாக்குத் தவறாமை, முதல் குறையாமை, தேவை நாளில் திறத்தல் ஆகிய மூன்றும் பொருந்திய பூட்டே நல்ல பூட்டு. அதை வகுக்கும் அவையில் பொருளுக்குரியவர்க்கும் இடம் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் வாங்கப்போகும் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். அதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள், கவனியாமலும் விட்டுவிடாதீர்கள். அந்த வரிக்குப் பின்னால் 1952-ஆம் ஆண்டுச் சட்டமும், ஷௌரி தொடுத்த வழக்கும், ஓசூர்ச் சாலையில் அமர்ந்த பெயர் தெரியாத தையற்காரிகளும் நிற்கிறார்கள். எவ்வளவு பிடிக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள், எப்போது தருவார்கள் என்னும் மூன்று கேள்விகளையும் முதல் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.